ஓய்மா நாட்டுக் கடற்பட்டினம்: மரக்காணத்தின் கோயிலும் உப்பளமும்

1. தோற்றுவாய்

தமிழகத்தின் கீழைக் கடற்கரையில் விளங்கிய பழம் பட்டினங்களுள் புகாரும் கொற்கையும் அறிஞர்தம் ஆராய்ச்சியைப் பெரிதும் பெற்றுள்ளன. அவற்றிற்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணத்தக்க ஓய்மா நாட்டுக் கடற்பட்டினமோ, ‘அஃது இக்காலத்து எவ்வூர்?’ என்னும் ஒரு வினாவின் அளவிலேயே பெரும்பாலும் ஆராயப்பெற்று வந்துள்ளது. அவ்வினாவிற்கு விடை கண்ட பின்னர் அவ்வூரின் பிற்கால வாழ்வை நோக்குவார் அரியர். சங்க காலத்தில் துறைமுகமாக இருந்த ஊர், துறைமுகம் மறைந்த பின்னும் எவ்வாறு ஊராக நிலைத்தது என்பது வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய வினாவாகும்.

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் உள்ள மரக்காணத்தை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கின்றோம். அவ்வூரே பழைய எயிற்பட்டினம் என்பதற்குரிய சான்றுகளை முதலில் ஆராய்ந்து, பின்னர் அவ்வூரின் நீண்ட வாழ்விற்கு அடிப்படையாக நின்றது யாது எனக் காண்போம். கடல் வாணிகம் அவ்வூருக்கு அவ்வப்போது புகழைத் தந்தது. உப்பும் கோயிலும் அதற்கு நிலைபேற்றைத் தந்தன. இதுவே நாம் நிறுவ முயலும் கருத்தாகும்.

2. ஓய்மா நாடும் அதன் ஊர்களும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளை உடையது. அதனைப் பாடியவர் நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். புறநானூற்றின் 176ஆம் பாட்டும் அவனை மாவிலங்கையின் தலைவனாகக் கூறுகின்றது. 379ஆம் பாடல் அவன் குடியினனாகக் கருதப்படும் ஓய்மான் வில்லியாதனைப் பற்றியது. கிடங்கில் என்னும் ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு தாங்கிய புலவர் மூவர் நற்றிணையிலும் குறுந்தொகையிலும் காணப்படுகின்றனர். காவிதிக் கீரங்கண்ணனார், காவிதிப் பெருங்கொற்றனார், குலபதி நக்கண்ணனார் என்போர் அம்மூவர். காவிதி என்பது வேந்தர் வழங்கிய சிறப்புப் பெயராதலின், அவ்வூர் சிறிய நாடொன்றின் தலைமையிடமாகப் புலமையும் அரசியலும் ஒருங்கு வளர்ந்த இடம் என்பது போதரும்.

இக் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியாக உள்ளது. திண்டிவனப் பகுதிக் கல்வெட்டுகள் அதனை ஓய்மா நாட்டுள் வைத்துக் கூறுகின்றன. புளியமரத்தைக் குறிக்கும் திந்திரிணி என்னும் வடசொல்லடியாகப் பிறந்த திண்டிவனம் என்ற பெயர் பிற்காலத்தில் ஓங்க, பழம் பெயர் நகரின் ஒரு பகுதிக்கு மட்டும் உரியதாகச் சுருங்கிற்று. மாவிலங்கை என்னும் பெயர், பல்லவர் காலக் குடைவரை ஒன்றை உடைய கீழ்மாவிலங்கை என்னும் ஊரில் இன்றும் வழங்குகின்றது. ஆகவே, நல்லியக்கோடன் ஆட்சி செலுத்திய நிலம் திண்டிவனத்தை நடுவாகக் கொண்டது என்பதில் ஐயமில்லை.

3. எயிற்பட்டினம் எவ்வூர்?

பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையுற்ற மற்றொரு பாணனுக்கு வழி கூறுகையில் மூன்று ஊர்களை முறையே குறிப்பிடுகின்றான். முதலில் கடற்கரையில் உள்ள பட்டினம். அடுத்து முல்லை நிலத்து வேலூர். பின்னர் மருத நிலத்து ஆமூர். அதன் பின்னரே தலைவனது மூதூர். பட்டினத்தின் பெயரைப் புலவர் வெளிப்படையாகக் கூறவில்லை. மதிலின் பெயரோடு கூடிய பட்டினம் என்னும் பொருள்படக் கூறினார். மதிலுக்கு எயில் என்பது பெயராதலின் அதனை எயிற்பட்டினம் என உரைகாரர் விளக்கினர்.

இவ்வழியின் முறை நாம் முதலிற் கருதத்தக்கது. பாணன் கடலிலிருந்து உள்நாடு நோக்கி, அதாவது கிழக்கிலிருந்து மேற்கே செல்கின்றான். வேலூரை இக்காலத்து உப்புவேலூராகக் கொள்வர் ஆராய்ச்சியாளர். கழுவெளி என்னும் பெரிய உவர்நீர்ப் பரப்பைச் சார்ந்த நிலப்பகுதியில் அவ்வூர் உள்ளது. கடற்கரையில் மரக்காணம், இடையில் உப்புவேலூர், மேற்கே கிடங்கில் என நிற்கும் அமைப்பு பாட்டின் முறையோடு பொருந்துகின்றது. வேலூர் என்னும் பெயருடைய ஊர்கள் பல உளவாக, அவற்றினின்று இதனைப் பிரித்தறிய மக்கள் தேர்ந்த அடைமொழி ‘உப்பு’ என்பது நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் துணையாவது.

இரண்டாவது சான்று பாட்டின் அகத்தே உள்ளது. பட்டினத்தை வருணிக்கும் பகுதியிலேயே நல்லியக்கோடன் கிடங்கிலின் தலைவனாகச் சுட்டப்படுகின்றான். பட்டினத்துப் பரதவர் விருந்தளிக்கும் இடத்தில் கிடங்கிலின் பெயர் வருவதால், அப்பட்டினம் கிடங்கிலுக்குரிய கடல்வாயில் எனக் கொள்வதே நேரிது. ஈண்டு மற்றொன்றும் கருதத்தக்கது. கிடங்கு என்பது அகழியையும், எயில் என்பது மதிலையும் குறிக்கும் சொற்கள். ஒரு தலைவனுடைய உள்நாட்டு ஊர் அகழியாலும், கடற்கரை ஊர் மதிலாலும் பெயர் பெற்றுள்ளன. இரண்டும் ஒரே ஆட்சியின் அரண் அமைப்பில் ஒன்றையொன்று நோக்கி நின்றன எனக் கருதற்கு இஃது இடந்தருகின்றது.

மூன்றாவது சான்று பிறநாட்டார் குறிப்பு. கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடற்செலவு நூல், இக்கரையின் துறைகளாகக் காமரா, பொதுகே, சோபட்மா என்னும் மூன்றை வரிசையாகக் கூறுகின்றது. காமரா புகார் என்றும், பொதுகே புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேடு என்றும் கொள்வர். 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, அரிக்கமேடு உரோமானிய வாணிகத்தோடு தொடர்புடைய துறை என்பதை உலகறியச் செய்தது. வடக்கு நோக்கிச் செல்லும் இவ்வரிசையில் சோபட்மா அரிக்கமேட்டிற்கு வடக்கே இருத்தல் வேண்டும். ‘சோ’ என்பதும் மதிலை, அரணைக் குறிக்கும் பழஞ்சொல்லே. ஆகவே சோபட்மா என்பது சோப்பட்டினம். சோப்பட்டினமும் எயிற்பட்டினமும் ஒரு பொருட் பெயர்கள். சோபட்மாவைச் சென்னை எனக் கருதினாரும் உளர். ஆயின் பெயரின் பொருளும் இடத்தின் வரிசையும் ஒருங்கு பொருந்துவது மரக்காணப் பகுதியிலேயாம். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2005-06ஆம் ஆண்டில் மரக்காணத்தில் அகழாய்வு மேற்கொண்டதும் இவ்வூரின் தொன்மை பற்றிய கருத்தின் வலிமையைக் காட்டும்.

4. பாட்டிற் காணும் கடற்கரை வாழ்வு

புலவர் காட்டும் பட்டினம் மாடமாளிகையும் பண்டசாலையும் நிறைந்த புகாரைப் போன்றதன்று. அங்கே தாழை அன்னம் போலப் பூத்து நிற்கின்றது. செருந்தி பொன்னையும், கழிமுள்ளி நீலமணியையும், புன்னை முத்தையும் ஒப்ப மலர்கின்றன. அலைகள் கரையில் ஒதுக்கிய மணமுள்ள மரத்துண்டுகள் ஒட்டகங்கள் படுத்துறங்கினாற் போலக் கிடக்கின்றன. அம்மரத்தை விறகாக்கி நுளைமகள் வடித்த பழைய தேறலைப் பரதவர் விருந்தினர்க்கு ஊட்டுகின்றனர். உலர்ந்த குழல்மீனின் சூட்டிறைச்சி மனைதோறும் கிடைக்கின்றது.

அகில் போன்ற அருமரம் கரையொதுங்குகின்றது. அதனை விலைப்பொருளாகக் கொள்ளாது அடுப்பெரிக்கின்றனர். ஒட்டகத்தை உவமையாக ஆளும் புலவர் அவ்விலங்கைக் கண்டோ கேட்டோ அறிந்திருத்தல் வேண்டும். தொலைநாட்டுத் தொடர்பு உடைய கரை இஃது என்பதற்கு இவ்விரண்டும் சான்று. எனினும் பாணன் கண்டு கூறும் வாழ்க்கை மீனவர் குடியிருப்பின் வாழ்க்கையே. சென்னை முதல் நாகை வரையுள்ள கரையில் கடற்றொழில் செய்யும் மக்கள் ‘பட்டினவர்’ எனப் பெயர் பெற்றிருத்தல், பட்டினம் என்பது வணிகர் ஊரை மட்டுமின்றி அம்மக்களின் உறைவிடத்தையும் குறித்து வந்த சொல் என்பதைப் புலப்படுத்தும்.

நெய்தல் நிலத்தின் மற்றொரு தொழில் உப்பு விளைத்தல். உப்பு விளைப்போரை ஏர் பூட்டாத உழவராகக் காண்கின்றது நற்றிணை. அகநானூற்றின் 140, 390ஆம் பாடல்களில், உப்பு விற்கும் மகளிர் நெல்லுக்கு ஒத்த அளவாக உப்பைக் கூறி விற்கின்றனர். உப்பை விற்று நெல்லோடு திரும்பிய படகுகளைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. சிறுபாணாற்றுப்படையிலும் உமணர் உளர். கொற்கையைக் கூறும் பகுதியில், அவர்தம் வண்டி வரிசையோடு வந்த மந்தி, உமணர் சிறுவரோடு கிளிஞ்சிலுள் முத்தைப் பெய்து கிலுகிலுப்பை ஆடுகின்றது. முத்து விளையாட்டுப் பொருளாகவும் உப்பு வாழ்வுப் பொருளாகவும் நிற்கும் அக்காட்சி, கடற்கரைப் பொருளாதாரத்தின் அடித்தளம் எதுவென்பதை ஒருவாறு உணர்த்துகின்றது.

நெல் விளையாத கடற்கரைக்கு நெல் வேண்டும். உப்பு விளையாத உள்நாட்டிற்கு உப்பு வேண்டும். இத்தேவை அரசர் மாறுவதால் மாறுவதன்று. யவனர் மரக்கலம் வாராதொழிந்ததாற் குறைவதுமன்று. பாணன் நடந்ததாகக் கூறப்படும் வழியே உப்பு வண்டிகளும் சென்றிருத்தல் கூடும். கிழக்கிலிருந்து மேற்கே செல்லும் அவ்வழியில் நிற்கும் உப்புவேலூரின் பெயரே இதனை நினைவூட்டுகின்றது.

5. பூமீசுவரமும் அளமும்

உப்பின் மேல் அரசின் கை படிந்தது மிகப் பழமையான செய்தி. பல்லவ மன்னன் சிவஸ்கந்தவர்மனின் ஹிரஹதகள்ளிப் பட்டயம் பிராகிருத மொழியில் அமைந்தது. அதில் கொடை நிலத்திற்கு அளிக்கப்பெற்ற விலக்குகளுள், உப்பும் வெல்லமும் பற்றிய தொல்லையினின்று விடுதலையும் ஒன்றாகக் கூறப்படுகின்றது. விலக்கு அளிக்கப்படுவதாயின், பிற இடங்களில் அரசு அவற்றின்மேல் உரிமை செலுத்தியமை பெறப்படும். சோழர் காலத்தில் உப்பாயம் என்னும் இறைப்பெயர் கல்வெட்டுகளில் வருகின்றது.

மரக்காணத்துப் பூமீசுவரர் கோயில் சோழர் காலக் கற்றளி. இறைவி கிரிஜாம்பாள். முதல் இராசராசன் ஆட்சிக் காலமாகிய கி.பி. 985 – 1014 தொடங்கிப் பின்வந்த சோழர் காலத்திலும் அங்குக் கல்வெட்டுகள் பொறிக்கப்பெற்றன. சயங்கொண்ட சோழ மண்டலத்து ஓய்மா நாட்டு ஊராகத் திகழ்ந்த காலத்தில் இவ்வூர்க் கோயிலுக்கும் உப்பளங்களுக்கும் இருந்த தொடர்பை அக்கல்வெட்டுகள் உணர்த்துகின்றன. சங்கப் பாட்டில் நேரே கூறப்படாத அளம், சோழர் கல்வெட்டில் ஊரின் அடையாளமாக எழுகின்றது.

உள்நாட்டுக் கோயில்களுக்கு நன்செய் நிலம் எவ்வாறு உறுதுணையோ, அவ்வாறே கடற்கரைக் கோயிலுக்கு அளம் உறுதுணையாயிற்று. நிலக்கொடையில் நெல் நேரே அளக்கப்படும். அளத்தின் வருவாயோ உப்பாக வந்து, நெல்லாகவோ பொன்னாகவோ மாறிய பின்னரே திருவமுதாகவும் திருவிளக்காகவும் ஆகும். எனவே கடற்கரைக் கோயில் தன் இயல்பிலேயே உள்நாட்டோடு கொண்டு கொடுக்கும் நிலையில் இருந்தது. துறைமுகத்தின் செல்வம் வணிகரோடு வந்து அவர்களோடு சென்றுவிடும். அளத்தின் செல்வம் கோயிற் கொடையாகிக் கல்லில் ஏறியமையால் ஊரோடு கட்டுண்டது.

ஊர்ப்பெயர் பற்றி மக்களிடையே வழங்கும் கதை ஒன்றுண்டு. சிவனை வழிபட்டன்றி உண்ணாத அடியார் ஒருவருக்காக மரக்காலைக் கவிழ்த்து மண்ணில் நாட்டினர். பின்னர் எடுக்க முயன்றபோது அஃது இலிங்கமாகியிருந்தது. மரக்காலைக் காணோம் என்றமையால் ஊர் மரக்காணம் ஆயிற்று என்பர். மொழிநூல் நெறியில் இச் சொற்பிரிப்பு நில்லாது. கடற்கரைச் சோலையைக் கானல் என்றும், காட்டைக் கானம் என்றும் வழங்கும் மரபை நோக்க, பெயரின் அடி அங்கே இருத்தல் கூடும். ஆயினும் கதையை முற்றும் புறந்தள்ளுதல் வரலாற்று மாணவர்க்குத் தகாது. எட்டு நாழி கொண்டது ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம். நெல்லும் உப்பும் கைமாறிய ஊரில் நாள்தோறும் கையாளப்பட்ட கருவி மரக்கால். தங்கள் தெய்வம் அளவு கருவியிலிருந்து தோன்றியதாக ஒரு மக்கட் கூட்டம் கருதுமாயின், அளத்தலும் மாற்றுதலும் அக்கூட்டத்தின் வாழ்வில் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தன என்பது விளங்கும். பெயர்க்காரணமாகக் கொள்ளத்தகாத இக்கதை, வாழ்க்கைச் சான்றாகக் கொள்ளத்தக்கதே.

6. ஆலம்பரையின் எழுச்சியும் வீழ்ச்சியும்

மரக்காணத்திற்கு வடக்கே, கடப்பாக்கத்தை அடுத்துக் கழிமுகத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. முகலாயர் ஆதிக்கக் காலத்தில் எழுந்த இத்துறையிலிருந்து சரிகைத் துணியும் உப்பும் நெய்யும் ஏற்றுமதியாயின. அங்கு நாணயச்சாலையும் இருந்தது. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலும் ஆலம்பரை இடம்பெறுகின்றது. 1750ஆம் ஆண்டில் முசாபர் சங் அதனைப் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேக்கு அளித்தான். 1760ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை அயர் கூட்டின் தலைமையில் திண்டிவனம் – மரக்காணம் வழியில் உள்ள பெருமுக்கல் கோட்டையையும், பின்னர் ஆலம்பரையையும் கைப்பற்றிற்று. ஆலம்பரைக் கோட்டை இடிக்கப்பட்டது.

சங்க காலத்து எயிற்பட்டினத்தை ஒப்ப, இதுவும் மதில் சூழ்ந்த கடற்றுறையே. ஒரே கரையில், ஏறத்தாழ ஓராயிரத்து எழுநூறு ஆண்டு இடையிட்டு, மதிலுடைய பட்டினம் இருமுறை தோன்றி இருமுறை மறைந்தது. மறைந்த பின் மதில் மண்ணாயிற்று. ஆலம்பரையின் ஏற்றுமதிப் பொருள்களுள் சரிகையும் நெய்யும் அத்துறையோடு நின்றன. உப்பு மட்டும் நிற்கவில்லை. துறைமுகம் என்பது அரசியலின் குழவி. அளமோ கழியின் குழவி. அரசியல் வேறிடம் சென்றவழித் துறைமுகமும் சென்றது. கழி இருந்தவரை அளம் இருந்தது.

7. கம்பெனியின் உப்பும் கால்வாயும்

உப்பின்மேல் அரசு செலுத்திய உரிமை கடுமையான வடிவத்தை அடைந்தது ஆங்கிலேயர் காலத்திலேயாம். சென்னை மாகாணத்தில் 1805ஆம் ஆண்டில் உப்பு, கம்பெனியின் தனியுரிமையாயிற்று. விளைத்த உப்பை விளைத்தவர் தம் விருப்பப்படி விற்றல் குற்றமாயிற்று. 1815ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரோடு செய்த உடன்படிக்கை, பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பையும் கம்பெனியின் பிடிக்குள் கொணர்ந்தது. இவ்வாறு, மரக்காணத்தின் தெற்கெல்லையை அடுத்த புதுச்சேரிப் பகுதியிலும் பழைய உப்பு வாணிகம் கட்டுண்டது.

இதன் விளைவைப் பொருளியல் நோக்கோடு மட்டும் காணுதல் போதாது. முன்பு உப்பு ஊருக்கும் கோயிலுக்கும் அரசிற்கும் எனப் பங்குபட்டது; இப்போது அது முழுமையும் அரசின் பண்டசாலைக்குச் சென்றது. அளத்தில் உழைத்தவர் குடியுரிமையுடைய விளைவாளர் நிலையினின்று கூலியாளர் நிலைக்குத் தள்ளப்பட்டனர். வீட்டுச் சட்டிக்கு வேண்டிய ஒருபிடி உவரும் சட்டத்திற்கு அஞ்சியே எடுக்க வேண்டியதாயிற்று. 1930ஆம் ஆண்டில் இராசகோபாலாச்சாரியார் தலைமையில் வேதாரணியத்தில் நிகழ்ந்த உப்பு அறப்போர், கடற்கரை ஊர்கள் ஒரு நூற்றாண்டிற்கு மேலாகத் தாங்கிய இத்துன்பத்திற்கு நாடு அளித்த விடையாகும். உப்பு வரி 1947ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

இக்காலத்தே உப்பு செல்லும் திசையும் மாறிற்று. பக்கிங்காம் கால்வாயின் முதற்பகுதி 1806ஆம் ஆண்டில் சென்னைக்கு வடக்கே வெட்டப்பட்டது. 1876-78ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தில், உணவிற்கு வழியற்ற மக்களைக் கொண்டு சென்னை நகருள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட, கால்வாய் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. வடக்கே காக்கிநாடாவிலிருந்து ஏறத்தாழ 796 கி.மீ. நீண்டு வரும் இந்நீர்வழியின் தென்கோடி மரக்காணம். மாட்டு வண்டியில் மேற்கே உள்நாட்டிற்குச் சென்ற உப்பு, விறகோடு படகேறி வடக்கே சென்னைக்குச் சென்றது. கடலில் துறைமுகத்தை இழந்த ஊர், கால்வாயில் ஓர் உள்நாட்டுத் துறையைப் பெற்றது. 1965, 1966, 1976 ஆகிய ஆண்டுகளின் புயல்களால் கால்வாய் சிதைந்து, நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் அதன் பணியை ஏற்றுக்கொண்டன. அத்துறையும் மறைய, அளம் மறையவில்லை.

8. இக்காலத்து அளமும் ஊர்வாழ்வும்

மழை ஓய்ந்த தை மாதத்தில் அளத்து வேலை தொடங்குகின்றது. முற்பருவத்து மழையால் இளகிய பாத்திகளைச் செப்பனிட்டு, காலால் மிதித்து இறுக்கி, வரப்புக் கட்டுகின்றனர். கழியினின்றும் கிணற்றினின்றும் பெற்ற உவர்நீர் பாத்திக்குப் பாத்தி மாறி வெயிலில் செறிவடைகின்றது. கடல்நீரின் செறிவு போமே அளவையில் மூன்று பாகை அளவினது. அஃது ஏறத்தாழ இருபத்தைந்து பாகையை எட்டும்போது உப்பு படிகின்றது. முப்பது பாகை அளவை அணுகுமுன் எஞ்சிய நீரை வடித்தல் வேண்டும். தவறின் மக்னீசியச் சேர்மங்கள் கலந்து உப்பு கைக்கும். நீரின் நிறத்தையும், நுரையையும், கைவிரலிடைப் பிசுபிசுப்பையும் கொண்டே இச்செவ்வியை அறியும் திறம் தொழிலாளர்க்கு வழிவழி வந்தது. படிந்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் குவித்து, நீர் வடிந்தபின் பெண்கள் தலைச்சுமையாகக் கொணர்ந்து மேட்டில் அம்பாரமாக்கிக் கீற்றால் மூடுகின்றனர்.

ஐப்பசி மழையோடு அளம் நீரில் மூழ்கும். அடுத்த தை வரை தொழிலாளர்க்கு வேலையில்லை. நெல்லுழவர்க்கு நன்மழையாவது இவர்க்குப் பசிக்காலம். தமிழ்நாடு அரசு மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்திற்கு 5,000 ரூபாய் உதவி வழங்குவதாக 2021ஆம் ஆண்டில் அறிவித்தது. அளத்து உழைப்பு ஆண்டு முழுதும் சோறிடாது என்பதை அரசு ஏற்றுக்கொண்டதற்கு இஃது அடையாளம். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையும், 2011ஆம் ஆண்டுத் தானே புயலும், 30-11-2024இல் புதுச்சேரியை அடுத்துக் கரைகடந்த பெஞ்சல் புயலும் இக்கரையின் குப்பங்களையும் அளங்களையும் ஒருசேரத் தாக்கின.

ஊரின் திருவிழாக்களுள் மாசிமகம் தனித்துக் கூறத்தக்கது. அந்நாளில் உள்நாட்டுத் தெய்வங்கள் கடலாடக் கிழக்கே வருகின்றன. மயிலம் முருகனும், தீவனூர்ப் பொய்யாமொழி விநாயகரும், செஞ்சி அரங்கநாதரும் புதுச்சேரியை அடுத்த வைத்திக்குப்பத்திற்கு எழுந்தருளுதல் பெருவிழாவாக நிகழ்கின்றது. மரக்காணக் கரையிலும் சுற்றூர்த் தெய்வங்கள் தீர்த்தவாரி கொள்கின்றன. வேளாண் ஊர்களின் மக்கள் ஆண்டிற்கு ஒருமுறை கடற்கரை மக்களின் விருந்தினராகின்றனர். பாணனுக்கு மீன் படைத்த பரதவர் வழியில் வந்தோர், இன்று மேற்கிலிருந்து வரும் தெய்வத்திற்குக் கரையில் பந்தலிடுகின்றனர். உப்பும் நெல்லும் மாறிய உறவு, வண்டிப்பாதை மறைந்த பின்னும் வழிபாட்டில் நிலைபெற்றுள்ளது.

இவ்வளவிற்கும் மூலமாகிய கழி இப்போது வேறொரு கண்ணோட்டத்திலும் நோக்கப்படுகின்றது. எடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியே கடலோடு தொடர்புற்ற கழுவெளி, தென்னாட்டு உவர்நீர் ஏரிகளுள் பழவேற்காட்டிற்கு அடுத்த பெருமையுடையது. 2021ஆம் ஆண்டு திசம்பரில் 5,151.6 எக்டேர் பரப்பு பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஆகத்தில் அஃது உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. வேற்றுநாட்டுப் பறவைகள் வலசை வருதலால் இக்கரை இன்று உலகத்தாரால் அறியப்படுகின்றது. யவனர் மரக்கலங்களால் அறியப்பட்ட காலமும் ஒன்றிருந்தது. பறவைக்கும் மீனுக்கும் அளத்திற்கும் நீர் ஒன்றே. அந்நீரின் காப்பில், அதனை நம்பி வாழும் மக்களும் உட்படுதல் வேண்டும்.

9. முடிபு

மேற்கூறியவற்றால் அறியத்தக்கன இவை. சிறுபாணாற்றுப்படையின் வழிமுறை, அப்பாட்டு பட்டினத்தைக் கிடங்கிலோடு இணைக்கும் முறை, பெரிப்ளூஸ் நூலின் துறை வரிசை, எயில் – சோ என்னும் பெயர்ப் பொருத்தம் ஆகியன ஒருங்கு நோக்க, எயிற்பட்டினம் மரக்காணப் பகுதியே எனக் கொள்ளுதல் தகும். எயிற்பட்டினம், ஆலம்பரை, கால்வாய்த்துறை என மூன்றுமுறை இப்பகுதியில் வாணிகத்துறை எழுந்து மறைந்தது. அம்மூன்று காலத்தும், அவற்றின் இடைக்காலத்தும், உப்பு விளைவும் அதனோடு பிணைந்த கோயில் வாழ்வும் ஊரைத் தாங்கின.

பட்டினங்களின் வரலாற்றை மரக்கலங்களின் வரலாறாக மட்டும் எழுதும் வழக்கம் நம்மிடை உண்டு. அதனால் கப்பல் வந்த நூற்றாண்டுகள் ஒளிபெற, வாராத நூற்றாண்டுகள் இருள்பட்டன. அவ்விருள் ஊரினுடையதன்று, நாம் நோக்கிய முறையினுடையது. கல்வெட்டில் அளத்தைப் பற்றிய செய்திகளையும், அளத்தில் உழைப்போர் வழங்கும் தொழிற்சொற்களையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தால் அவ்விருள் நீங்கும்.

பாத்தி வகைக்கும், நீரின் செறிவு நிலைக்கும், உப்பின் தரத்திற்கும், காற்றின் திசைக்கும் அத்தொழிலாளரிடம் உள்ள சொற்கள் நம் அகராதிகளில் முழுமையாக ஏறவில்லை. பொறியும் அளவுகருவியும் பெருகப் பெருக, கையால் நீரறிந்த தலைமுறையோடு அச்சொற்களும் மறையும். எயிற்பட்டினத்தின் மதில் எங்கே எனத் தேடுவதற்கு இன்னும் காலமுண்டு. மண்ணிற் புதைந்தது அங்கேயே இருக்கும். அளத்துச் சொற்களுக்கு அத்தகைய காலம் இல்லை. தமிழ்த் துறைகளின் முதுகலை மாணவர்கள் மரக்காணத்து வரப்புகளில் அமர்ந்து அவற்றைக் கேட்டெழுதுதல், கல்வெட்டுப் படியெடுத்தலுக்கு ஒப்பான கடமையாகும்.